கப்பலேறிய கேள்வித்தாள்

மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், கடலுக்கு அந்தப் பக்கம் தயாரான இரண்டு கேள்வித்தாள்களுக்கு விடை எழுதித் தேறியவர். 1916இல் எழுதியது மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கப் போனபின், 1920இல் தேறியது லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. லண்டனில் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து படித்ததில்லை. படித்தது இலங்கையில், பட்டம் லண்டனுடையது. பின்னாளில் துறவு பூண்டு விபுலானந்த அடிகள் ஆனார். யாழின் நரம்புகளைச் சிலப்பதிகாரத்தோடும் கணக்கோடும் ஒருசேர வைத்து ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார். அந்த நூலில் மதுரைத் தாளுக்கு எவ்வளவு பங்கோ, லண்டன் தாளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

மதுரைத் தாளின் கதையை இன்னொரு நாள் பார்க்கலாம். இது லண்டன் தாளின் கதை.

அது பிறந்த வீட்டில் ஒரு வம்பு இருந்தது. 1850களின் நடுப்பகுதிவரை, ஆங்கிலிக்கத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்துப் போடாத ஒருவர் ஆக்ஸ்போர்டில் சேரவே முடியாது. கேம்பிரிட்ஜில் சேரலாம், படிக்கலாம், பட்டம் கிடையாது. கத்தோலிக்கர், யூதர், திருச்சபையோடு ஒத்துப்போகாத மற்றக் கிறித்தவர் எல்லோரும் வாசற்படிக்கு வெளியே. இவர்களுக்காக 1826இல் லண்டன் கோவர் தெருவில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். மதம் கேட்காத கல்லூரி. கடவுள் இல்லாத இடம் என்று அதைத் திட்டியவர்கள், மூன்றே ஆண்டில் திருச்சபைச் சார்பாக கிங்ஸ் கல்லூரியை எதிரில் நிறுத்தினார்கள். யாருக்குப் பட்டம் கொடுக்கும் உரிமை என்று சண்டை. அரசாங்கம் 1836இல் ஒரு சமரசம் செய்தது: இருவருக்கும் இல்லை, மூன்றாவதாக ஓர் அமைப்பு பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கட்டும். அதுதான் லண்டன் பல்கலைக்கழகம். அதற்கு வகுப்பறை இல்லை, பாடம் நடத்தும் ஆசிரியர் இல்லை. பரீட்சகர்களும் கேள்வித்தாளும்தான் அதன் சொத்து.

இந்த வடிவம் பிடித்துப்போய், 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் அதே அச்சில் பல்கலைக்கழகங்களை வார்த்தார்கள். சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் பிற்காலத்தில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், அசலை நாம் நகலெடுத்த மறு ஆண்டே லண்டன் அசலைத் திருத்திவிட்டது. 1858ஆம் ஆண்டின் புதிய சாசனம், இன்ன கல்லூரியில் படித்தேன் என்ற சான்றிதழ் வேண்டாம் என்றது. எங்கே படித்தால் என்ன, யாரிடம் படித்தால் என்ன, கட்டணத்தைக் கட்டு, பரீட்சையை எழுது. நாம் கல்லூரிச் சான்றிதழை விடாமல் பிடித்துக்கொண்டோம். ‘இணைப்புக் கல்லூரி’ என்ற சொல் இன்றும் நம் ஊர் கல்லூரி வாசல்களில் தொங்குவது அந்தப் பிடிவாதத்தால்தான்.

கல்லூரி வேண்டாம் என்று ஆனபிறகு, லண்டனிலேயே இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இல்லாமல் போயிற்று. 1865இல் முதன்முறையாகத் தாள் கடல் கடந்தது. போன இடம் மொரீசியஸ். சூயஸ் கால்வாய் வெட்டி முடியாத காலம், வாரக்கணக்கில் பயணம். போகும்போது வெறும் கேள்விகள், திரும்பும்போது விடைகள், அதன்பிறகு மதிப்பெண் வந்து சேர இன்னொரு கப்பல். தேறினோமா இல்லையா என்று தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழைத் தேசங்களுக்குப் போன தாளுக்கு இன்னொரு சங்கடம். கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு உறையைக் கிழித்தால் லண்டனில் இன்னும் பொழுது விடிந்திருக்காது. கேள்விகளை அடித்தவர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே அவை ஊரறிந்த கேள்விகள் ஆகிவிடும். உறையும் முத்திரையும் இவ்வளவு முக்கியமானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் என்று சொன்ன சாசனத்தில் பெண்கள் இல்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு பொதுப் பரீட்சை ஏற்படுத்தி, 1869 மே மாதத்தில் ஒன்பது பேரை உட்காரவைத்தார்கள். ஆறு பேர் சிறப்பாகத் தேறினார்கள். தேறினாலும் பட்டம் கிடையாது, சான்றிதழ்தான். 1878இல்தான் பட்டங்கள் அனைத்தும் பெண்களுக்குத் திறந்தன. பிரிட்டனில் அதைச் செய்த முதல் பல்கலைக்கழகம் லண்டன். ஆளைப் பார்க்காமல் விடையைப் பார்ப்பது என்று ஆரம்பித்துவிட்டால், இந்த ஆள் ஏன் கூடாது என்ற கேள்விக்குப் பதில் சொல்வது வரவரக் கஷ்டமாகிவிடுகிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். கதவைத் திறந்துவைத்த இந்தப் பல்கலைக்கழகம் உள்ளே பாய் விரித்துப் போடவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதவன் என்ன செய்வான்? அந்த இடைவெளியில் ஒரு வியாபாரம் முளைத்தது. வில்லியம் பிரிக்ஸ் என்பவர் தபாலிலேயே பாடம் அனுப்பும் கல்லூரி ஒன்றை நடத்தினார். எச்.ஜி. வெல்ஸ் கதை எழுதிப் பெயர் வாங்குவதற்கு முன் அங்கே பாடம் சொன்னவர், அவருடைய பி.எஸ்சி. பட்டமும் 1890இல் லண்டன் பரீட்சையை வெளியிலிருந்து எழுதிப் பெற்றதுதான். எந்தக் கேள்வி வரும், எப்படி எழுதினால் மதிப்பெண் விழும் என்பதே அந்தக் கல்வியின் சாரம். நம் கோனார் நோட்ஸுக்கு மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ‘கரஸ்ல படிச்சேன்’ என்று சொல்லும்போது நம்மவர்கள் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறார்களே, அந்தக் கூச்சத்துக்கும் வயது நூற்றுக்கு மேல்.

இலங்கைக்கு வந்த தாள் அங்கே நெடுங்காலம் தங்கிவிட்டது. காலனி அரசாங்கத்துக்கு அது மிகவும் வசதி. பல்கலைக்கழகம் கட்ட வேண்டாம், பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் தாங்களாகவே படித்து லண்டனுக்கு விடை எழுதட்டும். இதில் இருந்த சிக்கனத்தை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் கேம்பிரிட்ஜில் நேரில் படித்தவர். நல்ல பல்கலைக்கழகம் என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் என்பதால், இந்த ஏற்பாட்டில் எது இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1906இல் இலங்கைக்குத் தனிப் பல்கலைக்கழகம் கேட்க ஒரு சங்கம் அமைத்தார். ஆனந்த குமாரசுவாமியும் அந்த முயற்சியில் உடன் இருந்தார். பதினைந்து ஆண்டு கேட்டபிறகு கிடைத்தது பாதி. 1921இல் கொழும்பில், ஒரு செல்வந்தரின் பழைய மாளிகையில், பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. ஆசிரியர்கள் வந்தார்கள், வகுப்புகள் நடந்தன, நூலகம் சேர்ந்தது. பரீட்சை மட்டும் லண்டனுடையதாகவே இருந்தது. பாடத்திட்டமும் அங்கே வகுத்ததுதான். அருணாசலம் இந்தப் பாதியைத்தான் பார்த்தார். 1924இல் மதுரையில் காலமானார். மீதிப் பாதி 1942 ஜூலையில் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் தன் பட்டத்தைத் தானே கொடுக்கத் தொடங்கியது. மறு ஆண்டு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்து அமர்ந்தவர், 1920இல் லண்டனுக்கு விடை எழுதிய அதே மயில்வாகனம்.

கொழும்பில் விடைபெற்ற அதே ஆண்டுகளில் தாள் வேறு ஓர் இடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது: ஜெர்மானியச் சிறைமுகாம்களுக்கு.

முதல் உலகப் போரிலேயே இதற்கு ஒரு முன்னோட்டம் உண்டு. பெர்லினை ஒட்டி ரூலெபென் குதிரைப் பந்தய மைதானத்தில் அடைத்து வைக்கப்பட்ட பிரிட்டிஷ் குடிமக்கள், குதிரை லாயங்களுக்கு நடுவே பள்ளிக்கூடம் நடத்தி லண்டன் பரீட்சை எழுதினார்கள். இரண்டாம் போரில் இது ஓர் ஏற்பாடாகவே ஆயிற்று. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தின் புதிய கட்டடத்தில் செஞ்சிலுவைச் சங்கம் புத்தகப் பிரிவு ஒன்றை வைத்திருந்தது. எத்தல் ஹெர்ட்மன் என்ற பெண்மணி அதை நடத்தினார். சட்டம் வேண்டும், கணக்கு வேண்டும், கணக்குப்பதிவு வேண்டும் என்று முகாம்களிலிருந்து கடிதம் வரும், புத்தகம் போகும், கடைசியில் கேள்வித்தாளும் போகும். தணிக்கை அதிகாரி உறையைப் பார்ப்பார். முள்வேலிக்குள், பசியோடும் குளிரோடும், மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து எழுதுவார்கள். மேற்பார்வைக்குச் சக கைதிகளில் ஒருவர். தோற்றவர்கள் நிறையப் பேர். தேறியவர்களும் கணிசம். விடைத்தாள்கள் போர் நடக்கும் கண்டத்தைக் கடந்து எதிரி நாட்டுக்குப் போயின என்பதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கூடவே ஒரு மரியாதையும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் போருக்குப் பின் வருகிறது. அதற்கு நைஜீரியாவிலிருந்து தொடங்க வேண்டும்.

1930களில் லாகோஸ் அருகே யாபா என்ற இடத்தில் அரசாங்கம் ஓர் உயர்கல்லூரி திறந்தது. அங்கே படித்தால் அந்தக் கல்லூரியின் சொந்தப் பட்டயம் கிடைக்கும். நைஜீரிய அரசு வேலைக்கு, அதுவும் உதவியாளர் மட்டத்துக்கு, அது போதும் என்பது கணக்கு. நாட்டுக்கு ஏற்ற கல்வி என்று அதற்கு நல்ல பெயரும் வைத்தார்கள். லாகோஸ் இளைஞர்கள் ஏமாறவில்லை. வெளியில் செல்லாத காசு எங்களுக்கு எதற்கு என்று கிளம்பினார்கள். அந்த எதிர்ப்பில் உருவான லாகோஸ் இளைஞர் இயக்கம் பிற்பாடு நைஜீரியாவின் தேசிய அரசியலுக்கே நாற்றங்காலாக ஆயிற்று. அந்நிய ஆட்சி வேண்டாம் என்று சொன்ன அதே வாய்கள் அந்நியப் பட்டம்தான் வேண்டும் என்று கேட்டது முரண்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளூர்ப் பொருள் என்ற பெயரில் மட்டரகத்தைத் தலையில் கட்டுவார்கள் என்று அவர்கள் பட்டறிந்திருந்தார்கள். லண்டன்காரனை எந்தத் தராசில் நிறுத்தார்களோ அதே தராசில் எங்களையும் நிறு என்பதுதான் கோரிக்கை.

ஆனால் அந்தத் தராசில் ஒரு கோளாறு இருந்தது. தாவரவியல் என்றால் இங்கிலாந்து வேலியோரச் செடிகள், புவியியல் என்றால் பிரிட்டனின் ஆறுகள். வாசலில் பனை எண்ணெய் மரம் நிற்க, பார்த்தே இராத செடியின் இலைக்குப் படம் போட வேண்டும்.

1943இல் சிரில் ஆஸ்குவித் தலைமையில் அமைத்த குழு, 1945இல் அறிக்கை கொடுத்தது. காலனிகளில் பல்கலைக்கழகக் கல்லூரிகள் எழுப்ப வேண்டும், அவை லண்டனோடு ‘சிறப்பு உறவு’ வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பெயர் சம்பிரதாயமானது, ஆனால் உள்ளே இருந்தது பெரிய மாற்றம். இனிமேல் கேள்வித்தாள் லண்டனிலிருந்து முடிந்த முடிவாக வராது. நைஜீரியாவின் இபாடான் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியர் பாடத்திட்டத்தின் வரைவை எழுதி அனுப்புவார், லண்டன் குழு பார்க்கும், இதை மாற்று என்று எழுதும், முடியாது என்று அவர் காரணம் சொல்லிப் பதில் போடுவார். கேள்விகளும் அப்படியே. விடைகளை அங்கேயும் திருத்துவார்கள், இங்கேயும் பார்ப்பார்கள். தாவரவியல் தாளில் வெப்பமண்டலச் செடிகள் முளைத்தன. புவியியலில் மேற்கு ஆப்பிரிக்கா நுழைந்தது. எண்பது ஆண்டாக ஒரு பக்கமாகவே பயணம் செய்த கேள்வி, இப்போது எதிர்த்திசையிலும் கப்பலேறியது. பரீட்சை எழுதத் தெரிந்தவர்களைத்தான் லண்டன் அதுவரை உருவாக்கியிருந்தது. பரீட்சை வைக்கத் தெரிந்தவர்கள் உருவானது இந்தக் கடிதப் போக்குவரத்தில்தான்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். நுழைவுத் தகுதி லண்டனுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம். அதனால் வாசல் குறுகியது. 1948இல் ஜமைக்காவின் மோனாவில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது மாணவர்கள் 33 பேர், அத்தனை பேரும் மருத்துவம். சிதறிக் கிடந்த அத்தனை தீவுகளுக்கும் சேர்த்து 33! வகுப்பு நடந்தது மரக் கொட்டகைகளில்; போர்க்காலத்தில் ஜிப்ரால்டர் மக்களைக் குடிவைக்கக் கட்டிய முகாம் அது. அதே ஆண்டில் இபாடானிலும், இன்றைய கானாவான கோல்ட் கோஸ்ட்டிலும் கல்லூரிகள் திறந்தன. மறு ஆண்டு உகாண்டாவின் மக்கெரேரே இந்த உறவில் சேர்ந்தது. லண்டனுக்குச் சமமான தரம் என்பது சமமான மதிப்பையும் கொடுத்தது, பலரை வெளியிலும் நிறுத்தியது. இரண்டும் ஒரே விதியின் விளைவுகள்.

இபாடானின் முதல் அணியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த ஓர் இளைஞர், அது ஒத்துவராமல் இலக்கியம், வரலாறு, சமயம் என்று மாறினார். மாறியதால் உதவித்தொகை போயிற்று. பாடத்தில் ஜாய்ஸ் கேரி என்ற ஆங்கிலோ-ஐரிஷ் எழுத்தாளர் நைஜீரியாவைப் பற்றி எழுதிய ‘மிஸ்டர் ஜான்சன்’ நாவல் வந்தது. பேராசிரியர்களுக்குப் பிடித்திருந்தது, மாணவர்களுக்கு எரிச்சல் மூட்டியது. எங்கள் கதையை இவர் யார் சொல்ல என்ற அந்த எரிச்சலை அந்த இளைஞர் மறக்கவில்லை. 1953இல் லண்டன் பட்டத்தை, இரண்டாம் வகுப்பில், வாங்கிக்கொண்டு போனார். ஐந்து ஆண்டு கழித்து ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ வெளிவந்தது. சினுவா அச்செபே. அவருக்கு இரண்டாம் வகுப்பு கொடுத்த தாள்களைத் திருத்தியவர்கள் பிறகு என்ன நினைத்தார்களோ. நம் பக்கமும் இப்படி ஒருவர் உண்டு: அதே லண்டன் அச்சில் வார்த்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. பரீட்சையில் 1907இல் தோற்ற கணிதமேதை ராமானுஜன். எல்லோருக்கும் ஒரே தாள் என்பது நியாயம்தான். அந்தத் தாளின் கண்ணுக்குத் தெரியாதவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அச்செபேயின் பட்டத்துக்குப் பத்தாண்டுக்குள் சிறப்பு உறவுகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. கானா 1961இல், இபாடானும் மேற்கிந்தியத் தீவுகளும் 1962இல் தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆர்தர் லூயிஸ், செயின்ட் லூசியா தீவிலிருந்து உதவித்தொகையில் லண்டன் போய்ப் படித்துப் பொருளாதார அறிஞரானவர். பிரிட்டனுக்குள்ளேயும் இதே கதைதான் நடந்திருந்தது: நாட்டிங்ஹாம், சவுத்தாம்ப்டன், ஹல், எக்ஸிட்டர், லெஸ்டர் எல்லாம் லண்டன் தாளுக்கு மாணவர்களைத் தயார்செய்த கல்லூரிகளாக இருந்து, 1948இலிருந்து 1957க்குள் தனித்தனியே போயின. இங்கிலாந்துச் சிற்றூர்ப் பிள்ளைக்கும் இபாடான் பிள்ளைக்கும் ஒரே வழி. பிரிந்து போவதற்காகவே செய்த கூட்டணி என்பதால் பிரிவில் மனத்தாங்கல் குறைவு.

தேவை தீர்ந்த இடங்களைவிட்டுத் தாள் நகர்ந்தது. தேவை தீராத இடம் ஒன்று இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் 1959ஆம் ஆண்டின் சட்டம், வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவைக் கறுப்பின மாணவர்களுக்கு மூடியது. 1964 ஜூன் தொடக்கத்தில், ரிவோனியா வழக்கில் தீர்ப்புக்காகக் காத்திருந்த நெல்சன் மண்டேலா, பிரிட்டோரியா சிறையில் உட்கார்ந்து லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் படிப்பின் தாள்களை எழுதினார். தூக்குத் தண்டனை கிடைக்கலாம் என்று எல்லோரும் எதிர்பார்த்த வழக்கு. நீ போகப்போகிற இடத்தில் சட்டப் பட்டம் எதற்கு என்று காவலர்களுக்கு வியப்பாக இருந்ததைத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தாள்களில் தேறினார். ஜூன் 11 அன்று குற்றவாளி என்றது நீதிமன்றம். மறுநாள் ஆயுள் தண்டனை.

ராபன் தீவுச் சிறையிலும் படிப்பு தொடர்ந்தது, ஆனால் சிறை நிர்வாகத்தின் தயவில். ரகசியமாக எழுதிய தன்வரலாற்றுப் பக்கங்கள் சிக்கியபோது, படிக்கும் சலுகையை நான்கு ஆண்டுக்குப் பறித்தார்கள். லண்டன் பட்டம் கடைசிவரை கைகூடவில்லை. 1989இல், இன்னும் கைதியாக இருந்தபோதே, எல்.எல்.பி. முடித்தார். கொடுத்தது யுனிசா என்கிற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம். 1940களின் தொடக்கத்தில் அவர் பி.ஏ. தேறியதும் அதன் பரீட்சையில்தான்.

யுனிசாவின் பழைய பெயர் நன்னம்பிக்கை முனைப் பல்கலைக்கழகம். 1873இல் அதைத் தொடங்கியவர்கள் வகுப்பறை கட்டவில்லை, ஆசிரியர்களை வைக்கவில்லை. லண்டனைப் பார்த்து, கேள்வித்தாள் அடித்துக் கொடுக்கும் பல்கலைக்கழகமாகத்தான் அதை அமைத்தார்கள்.